முதலில் சோதித்த டிஸ்க்

1989 பிப்ரவரி 9, வியாழன்

காலையில் என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பந்து ஓடியது. பந்து என்றால் சின்னப் புள்ளிதான். நான் தட்டிக்கொண்டிருந்த கடிதத்துக்குள் புகுந்து, எழுத்துகளில் மோதி, ஓரத்தில் மோதி, திரும்பி வந்து மறுபடி மோதியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பி கொண்டுவந்த மாரியம்மா, “என்னக்கா, வேலை நேரத்துல கேம் ஆடுறீங்க?” என்றாள். நான் ஆபீசில் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவதாக அவளுக்கு ஒரு எண்ணம்.

மேனேஜர் மிஸ்டர் ஹோ வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் டெலிபோனை எடுத்தார்.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருஷமாக எங்கள் கம்பெனியின் ஏழு ரப்பர் தோட்டங்களும் காகிதத்தில் கடிதம் எழுதுவதில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள் கம்ப்யூட்டரில் தட்டி, டிஸ்கில் ஏற்றி, கம்பெனி வேனில் ஈப்போவில் எங்கள் ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வேன்காரன் காலையில் அவற்றை என் மேசைத் தட்டில் கொட்டிவிட்டுப் போவான். நான் ஒவ்வொன்றாகத் திறந்து அச்செடுத்து ஹோவிடம் கொண்டுபோக வேண்டும். அந்த மிஷின் படுத்தால் ஏழு தோட்டமும் ஊமை.

1989 பிப்ரவரி 11, சனி

கம்ப்யூட்டர் கடை ஜெயபாலன் வந்தான். முப்பது வயசுகூட இருக்காது, பேச்சு மட்டும் பெரிய டாக்டர் பேச்சு. வந்திருப்பது வைரஸாம். “காய்ச்சல் ஒட்டுற மாதிரிதான் அக்கா. டிஸ்க்ல இருந்து மிஷினுக்கு ஏறும், மிஷின்ல இருந்து அடுத்த டிஸ்குக்கு ஏறும். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில மலிவா கேம் டிஸ்க் விக்கிறான் பாருங்க, அதுலதான் நெறைய வருது.”

ஒரு சோதனை டிஸ்க் கொடுத்தான். தினமும் காலையில் அதை மிஷினின் மேல் வாயில் போட்டு முடுக்க வேண்டும். பிறகு தோட்டத்து டிஸ்குகளை ஒவ்வொன்றாகக் கீழ் வாயில் போட வேண்டும். நல்ல டிஸ்க் என்றால் மிஷின் பேசாமல் இருக்கும். வைரஸ் இருந்தால் மூன்று தரம் கத்தி, திரையில் எச்சரிக்கை காட்டும். கத்திய டிஸ்கைத் திறக்கவே கூடாது. தனியாக ஒரு டின்னில் போட்டு மூடிவிட வேண்டும்.

“இந்த டிஸ்க் ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு பாருங்க. அதை மூடி ஒட்டிட்டா இதுக்குள்ள எதுவும் ஏறாது. கறுப்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம் கொண்டாரேன். இப்போதைக்கு ஏதாச்சும் ஒட்டிக்குங்க லா.”

என் கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. அரக்குச் சிவப்பு, வெல்வெட்டு, பெரிய சைஸ். ஒன்றைப் பிய்த்து அந்த வெட்டின் மேல் ஒட்டினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஜெயபாலன் சிரித்துவிட்டு, அப்படியே அதை மிஷினில் போட்டு எப்படிச் சோதிப்பது என்று காட்டினான். மிஷின் கத்தியது. பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மிஷினைச் சுத்தம் செய்துவிட்டுப் போனான்.

திங்கள் முதல் சோதனை என் பொறுப்பு. ஹோ எல்லார் முன்னாலும் சொன்னார். பதினெட்டு வருஷத்தில் இந்த ஆபீசில் என்னை நம்பி ஒரு பூட்டுச் சாவி கொடுத்ததில்லை.

1989 பிப்ரவரி 13, திங்கள்

முதல் நாளே மாட்டினார் ஐயா.

தட்டில் ஏழு டிஸ்குகள் இருந்தன. எதை முதலில் போடுவது? கை தானாக ஆற்றுமேட்டுத் தோட்டத்து டிஸ்கை எடுத்தது. போட்டேன். பீப், பீப், பீப். உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷத்தில்தான். அடுத்து மற்ற ஆறையும் போட்டேன். ஆறும் கத்தின. ஜெயபாலன்தான் சொன்னானே, ஒன்றிலிருந்து மிஷினுக்கு, மிஷினிலிருந்து அடுத்ததற்கு. ஆக, ஆற்றுமேட்டு டிஸ்க் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. நோட்டில் நேரம் போட்டு எழுதினேன்: 8.40, ஆற்றுமேடு, முதல் எச்சரிக்கை.

ஆற்றுமேட்டுக் கிராணி ஆம்புரோஸ். அவருடைய அப்பாவும் அங்கே கிராணிதான். நானும் அங்கே பிறந்தவள்தான், ஆனால் கூலிக்காரர் லயத்தில். அம்மா அந்தத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் பால் வெட்டினாள். நான் ஆறாம் வகுப்பு முடித்தபோது டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர ஆபீஸ் கடிதம் வேண்டியிருந்தது. லயத்து ஆட்கள் ஆபீசுக்குள் போகக்கூடாது, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு மூன்று நாள் அந்த ஜன்னலடியில் நின்றாள். மூன்றாம் நாள் ஆம்புரோஸின் அப்பா, அந்தப் பெரிய கிராணி, தலையைத் தூக்கினார். “பால் வெட்டுறவ மகளுக்கு எதுக்குடி இங்கிலீசு? வாளி தூக்கத் தெரிஞ்சாப் போதும்” என்றார். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஆம்புரோஸ் ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தின்பதை நிறுத்தவில்லை.

நான் இங்கிலீஷ் படித்தது கன்னியாஸ்திரி மடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு. அதெல்லாம் ஆம்புரோஸுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த தூள்கூட ஞாபகம் இருக்கிறது.

1989 பிப்ரவரி 14, செவ்வாய்

8.40. ஆற்றுமேடு முதலில். கத்தியது. மற்ற ஆறும் கத்தின.

1989 பிப்ரவரி 20, திங்கள்

ஒரு வாரமாக இதே கதை. தினமும் முதலில் ஆற்றுமேட்டைத்தான் போடுகிறேன். கத்துகிறது. பிறகு எல்லாம் கத்துகின்றன. ரொட்டி டின் நிறைந்துவிட்டது, இரண்டாவது டின் வாங்கச் சொல்லியிருக்கிறேன். தோட்டங்களுக்குப் பழையபடி காகிதத்தில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டார் ஹோ. கூடவே புது டிஸ்கும் அனுப்ப வேண்டும், என்றைக்கு மிஷின் கத்தாமல் இருக்கிறதோ அன்றைக்குத்தான் டிஸ்க் கடிதம் மறுபடி ஆரம்பமாகும். கிராணிகள் ஒரே வேலையை இரண்டு தரம் செய்கிறார்கள், டெலிபோனில் என்னைத் திட்டுகிறார்கள்.

ஜெயபாலனை இந்தப் பக்கமே காணோம். கறுப்பு ஸ்டிக்கர் கொண்டுவருகிறேன் என்றவன். கடைக்காரன் வாக்கு விடிந்தால் போச்சு.

1989 பிப்ரவரி 23, வியாழன்

ஆம்புரோஸ் டெலிபோன் செய்தார். “மிஸ் முத்தம்மா, நான் யாரையும் அந்த மிஷின்கிட்ட விடறதில்லே. ஆபீசைப் பூட்டி சாவி என் இடுப்புலதான் இருக்கு.”

“நானா கத்துறேன் மிஸ்டர் ஆம்புரோஸ்? மிஷின்தானே கத்துது” என்றேன்.

“என் சம்சாரம் அகதாவுக்கு உடம்பு சரியில்லே மிஸ். லீவு கேட்டு டிஸ்க்ல எழுதியிருந்தேன். பாத்தீங்களா?”

கத்திய டிஸ்கை எப்படிப் பார்ப்பது? விதி விதிதான். காகிதத்தில் எழுதி அனுப்புங்கள் என்றேன். தேங்க்யூ சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

1989 மார்ச் 3, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “யாரு, ரொட்டி தின்னானே, அவனா?” என்றாள். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது!

“அவனேதான்.”

“வேலை போயிருமாடி?”

“போகலாம்.”

“வேலை போனா கோட்டர்ஸும் போயிருமே லா” என்றாள். தோட்டத்துக் கிராணிக்கு வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அம்மா உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய், தீபாவளிக்கு வைத்திருந்த சேவலைப் பிடித்து அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மங்களத்துக்கும் ஒரு கிண்ணம் போனது. கிண்ணத்தோடு கதையும் போயிருக்கும். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழம்பு ருசியாகத்தான் இருந்தது.

1989 மார்ச் 8, புதன்

ஹோ கூப்பிட்டார். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பதினெட்டு நாள், பதினெட்டு நாளும் 8.40, ஆற்றுமேடு. அந்த ஆளோ, அந்த ஆள் வீட்டில் யாரோ கேம் டிஸ்க் போட்டு விளையாடுகிறார்கள், கேட்டால் இல்லை என்கிறார் என்று சொன்னார். கம்பெனி மிஷினைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தினால் வேலை நீக்கம் என்று போன வருஷமே சுற்றறிக்கை வந்திருக்கிறது. பதினேழாம் தேதி விசாரணை வைத்திருக்கிறார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். “ஒரு நாளாவது வேறு தோட்டத்து டிஸ்கை முதலில் போட்டுப் பார்த்தாயா?”

“பார்த்தேன் சார். அது கத்தலை. ஆற்றுமேட்டைப் போட்டப்புறம்தான் கத்துச்சு.”

பார்க்கவில்லை. ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும், தெரிந்த விஷயத்துக்கு? வாய் தானாகச் சொல்லிவிட்டது. உண்மையில் போட்டிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். சொன்னதில் என்ன தப்பு?

1989 மார்ச் 14, செவ்வாய்

ஆம்புரோஸ் நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு, கையில் பிளாஸ்டிக் பை. ஆற்றுமேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே வந்திருக்கிறார், தலைமுடியெல்லாம் செம்மண் தூசி. ஒன்பது மணிக்கு வந்தவரைப் பன்னிரண்டு வரை கவுண்டருக்கு வெளியே நிற்க வைத்தேன். வேலை இருந்ததா என்று கேட்டால் இல்லை. பழைய கோப்புகளை எடுத்து எடுத்து அடுக்கினேன். நாற்காலி இருந்தது, உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் உட்காருகிற ஆளில்லை அவர். மாரியம்மா பொறுக்க முடியாமல் அவருக்குக் கோப்பி கொடுத்தாள். அவளை முறைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பையைத் திறந்து புது டிஸ்க் பெட்டி ஒன்றை எடுத்தார். மேலே சுற்றிய கண்ணாடித் தாள்கூடப் பிரிக்கவில்லை. “இப்பத்தான் கடையில வாங்கினேன் மிஸ். உங்க கையாலயே பிரிச்சுப் போட்டுப் பாருங்க. இது என் மிஷினைப் பாத்ததே இல்லே.”

சரி என்று பிரித்துப் போட்டேன்.

பீப், பீப், பீப்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ கெட்ட செய்தி கேட்டவர்போல நின்றார். “எப்படி மிஸ்?” என்றார். “கடையிலேயே கெட்டது போல. எங்க வாங்குனீங்களோ” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். கோப்பி அப்படியே இருந்தது.

ஆனால் எப்படி? சீல் பிரிக்காத டிஸ்க். எப்படி?

1989 மார்ச் 15, புதன்

ஆபீஸ் அலமாரியிலிருந்து நானே ஒரு புது டிஸ்க் எடுத்தேன். இன்று முதன்முதலாக ஆற்றுமேட்டை எடுக்கவில்லை. மிஷினை முடுக்கி, அந்தப் புது டிஸ்கை முதலில் போட்டேன்.

மூன்று தரம் கத்தியது.

இன்னொன்று. கத்தியது. இன்னொன்று. கத்தியது. ஜெயபாலனுக்கு டெலிபோன் போட்டு, உடனே வாடா என்று கத்தினேன். மாரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் வந்தான். மேல் வாயிலிருந்து சோதனை டிஸ்கை உருவினான். என் பொட்டு அதில் அப்படியே ஒட்டியிருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “அடக் கடவுளே” என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இந்த மிஷின் அந்த வெட்டுல வெளிச்சம் விட்டுத்தான் பாக்குது அக்கா. வெளிச்சம் தடைபட்டா எழுதாது. கறுப்பு ஸ்டிக்கர்னா தடுத்துரும். இது செவப்புத் துணி, மெல்லிசு. மிஷினோட வெளிச்சம் இதுல பூந்து போயிருது. நீங்க ஒட்டியும் ஒட்டாத மாதிரிதான்.”

“அதனால?”

“அன்னைக்கு மிஷின்ல வைரஸ் இருக்கறப்பவே இதைப் போட்டுக் காட்டினேன்ல. அப்பவே இதுக்குள்ள ஏறிருச்சு. நான் மிஷினைச் சுத்தம் பண்ணிட்டுப் போயிட்டேன், இதைப் பண்ணலே. நீங்க தெனமும் இதை வச்சு மிஷினை முடுக்குறீங்க. வைரஸ் இதுல இருந்து எழும்பி, நீங்க போடற எல்லா டிஸ்கிலயும் ஏறுது. ஏறினதைப் பாத்து இதுவே கத்துது.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. எதை முதலில் போட்டாலும் கத்தியிருக்கும். முதலில் வந்த வைரஸ் எங்கிருந்து வந்ததோ, அதன் பிறகு தோட்டத்திலிருந்து வந்த டிஸ்கெல்லாம் சுத்தம். நோய் கொடுத்தது நான். ஒவ்வொரு நாள் காலையும், 8.40க்கு.

“யார்கிட்டயும் சொல்ல வேணாம்லா அக்கா” என்றான் ஜெயபாலன். “ஸ்டிக்கர் கொண்டாராதது என் தப்பு. தெரிஞ்சா உங்க கம்பெனி வேலை எனக்குப் போயிரும். சாமி சத்தியமா நான் வாயைத் தெறக்க மாட்டேன். நீங்களும் தெறக்காதீங்க.” மிஷினை மறுபடி சுத்தம் செய்து, டிஸ்கை எப்படிச் சுத்தம் செய்வது என்றும் காட்டிவிட்டு, வேறு சோதனை டிஸ்க் கொடுத்தான். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியது.

நாளை மறுநாள் விசாரணை.

1989 மார்ச் 16, வியாழன்

இன்றும் நாளையும் தோட்டத்து டிஸ்க் வராது, விசாரணை முடியட்டும் என்று ஹோ நிறுத்திவைத்துவிட்டார். காலையில் ஆபீசுக்குச் சீக்கிரம் போனேன். டின்னிலிருந்து ஆற்றுமேட்டு டிஸ்குகளை எடுத்து, ஜெயபாலன் காட்டியபடி சுத்தம் செய்து, திறந்து படித்தேன். கடிதங்களைப் படிக்க எனக்கு உரிமை இருக்கிறது, அதுதானே என் வேலை.

பிப்ரவரி 21ஆம் தேதிக் கடிதம்: “அகதாவுக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் மார்ச் 6 கண் ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்று ஒரு நாள் லீவு தயவுடன் வேண்டுகிறேன்.” 24ஆம் தேதி அதையே மறுபடி எழுதியிருக்கிறார். மார்ச் 1, மறுபடியும். காகிதத்திலும் ஒன்று வந்திருக்கிறது. அது ஹோ மேசையில், வைரஸ் விஷயம் முடியட்டும் என்று பென்சிலில் எழுதிக் கிடக்கிறது. மார்ச் 6 போயே போச்சு. அனுமதி இல்லாமல் லீவு எடுக்கிற ஆள் இல்லை.

சொல்லிவிடலாமா? என்னவென்று சொல்வது? சார், தப்பு என்னுடையது, நோட்டு பொய், வேறு டிஸ்கை முதலில் போட்டுப் பார்த்தேன் என்றேனே, அதுவும் பொய். அப்புறம்? நாற்பத்து நாலு வயசில் எந்தக் கம்பெனியில் போய் உட்காருவேன்? குனோங் ராபாட்டில் நானும் அம்மாவும் இருக்கும் வீட்டை யார் பார்ப்பார்கள்? அம்மா மங்களத்திடம் என்ன சொல்வாள்? கிராணி மகனைக் கவிழ்த்தேன் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாளே, பாவி!

போகட்டும். அவர்கள் மூன்று நாள் எங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள்.

டிஸ்குகளில் இருந்ததை எல்லாம் அழித்தேன்.

1989 மார்ச் 17, வெள்ளி

விசாரணை அறையில் மூன்றே பேர். ஹோ, ஆம்புரோஸ், நான். நோட்டை மேசையில் வைத்தார்கள். ஹோ என்னைப் பார்த்து, “உனக்கு ஏதாவது சந்தேகம் இருக்கிறதா, முத்து?” என்று கேட்டார். நேராகக் கேட்டார். நானும் நேராகச் சொன்னேன்: “இல்லை சார்.”

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆம்புரோஸ் எழுந்து நின்றார்.

“சார், நான் தொடலேன்னு சொன்னது நெசம். ஆனா அந்தப் புது டிஸ்க் கத்துன அன்னைக்கு எனக்கே என் மேல நம்பிக்கை போயிருச்சு. வீட்டுக்கு வந்த கேம் டிஸ்க் ஏதாச்சும் அந்தப் பையில ஒட்டிக்கிட்டிருந்ததோன்னு நெனச்சேன். எனக்கு ஒரு பொண்ணு, எல்ஸி, பாரம் அஞ்சு படிக்குது, இந்த வருஷம் பெரிய பரீட்சை. அதுகிட்ட கேட்டேன். இல்லேன்னுச்சு. ரெண்டு நாளா கேட்டேன். பெல்ட்டை எடுத்து அடிச்சுக்கூட கேட்டேன். நேத்து சாயங்காலம் ஒத்துக்கிருச்சு. சாவியை எடுத்துட்டுப் போய் கூட்டாளி குடுத்த கேமைப் போட்டுச்சாம்.”

தமிழில் சொல்லிவிட்டு அதை இங்கிலீஷிலும் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். பிறகு, “என் பொறுப்பு சார். நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி” என்று உட்கார்ந்தார்.

அந்தப் பெண் எதையும் தொட்டிருக்காது. எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திற, வாயைத் திற என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். திறக்கவில்லை. ஹோ வேலை நீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

1989 மார்ச் 20, திங்கள்

ஏழு டிஸ்க். ஒன்றுகூடக் கத்தவில்லை.

1989 மார்ச் 21, செவ்வாய்

கத்தவில்லை.

1989 மார்ச் 31, வெள்ளி

இரண்டு வாரமாக ஒரு எச்சரிக்கை இல்லை. டிஸ்க் கடிதம் மறுபடி ஆரம்பமாகிவிட்டது. ஹோ என் நோட்டைத் தூக்கி எல்லார் முன்னாலும் காட்டினார். “பாருங்கள், அந்த ஆளை வெளியே அனுப்பியதும் ஏழு தோட்டமும் சுத்தம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?” கை தட்டினார்கள். ஏப்ரல் முதல் நான் சீனியர் கிளார்க். மற்ற தோட்டத்துக் கிராணிகளுக்கு நான்தான் பாடம் எடுக்கப் போகிறேன்.

மாரியம்மா கை தட்டவில்லை. கோப்பிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ஜெயபாலன் வந்தபோது கதவு திறந்துதானே இருந்தது... தெரியாது.

1989 ஏப்ரல் 17, திங்கள்

வேன்காரன் சன்னாசி வந்து சொன்னான். சனிக்கிழமை ஆம்புரோஸ் குடும்பம் லோரியில் சாமான் ஏற்றிப் போனதாம். ஜெலாப்பாங்கில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். லயத்து ஆட்கள்தான் கட்டில், அலமாரி எல்லாம் தூக்கிக் கொடுத்தார்களாம். “அந்தம்மாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா தெரியலே அக்கா. படியில எறங்கறப்ப கையைப் புடிச்சு எறக்குனோம்.”

அம்மாவிடம் இதைச் சொன்னேன். நல்லா வேணும் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. “அவ பேரு அகதாதானே?” என்றாள். “எனக்குக் காச்சல் வந்தப்ப ஒருதரம் மருந்து குடுத்துவிட்டா.”

இதை முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா? சேவல் அடிக்கத் தெரிந்தது!

1989 ஜூன் 7, புதன்

சிதியாவான் பக்கத்துத் தோட்டத்தில் பாடம் எடுத்தேன். வைரஸ் எப்படிப் பரவும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒரு கிராணி, “அந்த ஆம்புரோஸ் மகளாமே?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனேன்.

1989 செப்டம்பர் 2, சனி

பெரிய மார்க்கெட்டில் மீன்கடை அருகே ஆம்புரோஸ். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டார். எல்ஸி பள்ளியை விட்டுவிட்டதாம், ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறதாம். இவருக்கு ஒரு கடையில் வாட்ச்மேன் வேலை. ஐம்பதைத் தொடப் போகிறவர், வேறு என்ன கிடைக்கும்?

“பரீட்சைக்கு உக்காரச் சொன்னேன் மிஸ். மாட்டேங்குது. என்கூடப் பேசறதுமில்லே. தப்புப் பண்ணினது அது, கோவம் மட்டும் என் மேல.”

மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

1989 டிசம்பர் 23, சனி

சாயங்காலம் கேட்டருகில் மோட்டார் சத்தம். பார்த்தால் ஆம்புரோஸ், பின்னால் ஒரு பெண். கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்திருக்கிறார்கள். குனோங் ராபாட்டில் வீட்டு நம்பரை விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டேன், வேறு என்ன செய்வது. அம்மா அவரைப் பார்த்தவுடன் அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவேயில்லை.

எல்ஸியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஒல்லி. கைவிரல்களில் ரசாயனம் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது.

ஆம்புரோஸ் உட்காரவில்லை. “பெருநாளுக்கு முன்னால ஒரு கடன் பாக்கி இருக்கு மிஸ். என் பொண்ணால நீங்க எவ்வளவு சிரமப்பட்டீங்க, எத்தனை டிஸ்க், எத்தனை நாள்! அது வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். பாவசங்கீர்த்தனம் பண்ணாம கோயிலுக்கு எப்படிப் போறது?” என்றார். மகளைப் பார்த்து, “கேளு” என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் மோட்டாரைத் திருப்பறேன். கேட்டுட்டு வா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். அவள் தலையைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“ஆன்ட்டி, நான் அந்த ஆபீசுக்குள்ள போனதே இல்லே. அப்பா அடிச்சதுல ஆமான்னு சொன்னேன். ஆனா நீங்கதானே அதைச் சோதிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்ல. அது தப்பா கத்தறதுக்கு வாய்ப்பே இல்லியா?”

வெளியே மோட்டார் முடுக்காமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அவர் உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அம்மா ஒரு பாத்திரத்தைக்கூட அசைக்கவில்லை.

“இல்லேம்மா” என்றேன்.

விரலில் உரிந்துகொண்டிருந்த தோலைக் கிள்ளினாள். பிறகு தனக்குத்தானே சொல்கிறமாதிரி, “அப்ப நான்தான் எப்பவோ போட்டிருப்பேன் போல. எனக்குத்தான் மறந்துபோச்சு” என்றாள். கையைக் கூப்பினாள். “மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி.”

“பரவாயில்லே, போயிட்டு வாம்மா” என்றேன்.